மூடி சிக்கிய குக்கர்

பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவளுக்குப் பொய் சொல்வது வேலையில் பாதி. டாக்டர் அப்போதுதான் வீட்டில் குளிக்கப் போயிருப்பார். இவள் இங்கே, "கிளம்பிட்டாரு, வந்துக்கிட்டே இருக்காரு" என்பாள். கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பவரிடம், "அடுத்தது நீங்கதான்" என்பாள். அவருக்கு முன்னால் ஆறு பேர் இருப்பார்கள். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. தெருவில் அவளுக்குப் பெயரே டோக்கன்தான். பெற்றவள் வைத்த பெயர் கட்டிய புருஷனுக்காவது ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம்.

அப்படிப்பட்டவளுக்கு, அண்ணி பெயரில் ஒரு முகாமுக்குப் போய்வருவது பெரிய விஷயமாகப் படவில்லை.

முகாம் என்றால் மன ஆறுதல் முகாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஊர் இரண்டாகப் பிளந்து அடித்துக்கொண்டதில், பாலத்துக்கு இந்தப் பக்கமும் பிணம் விழுந்தது, அந்தப் பக்கமும் விழுந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் பத்துப் பத்துப் பெண்களை அழைத்துப்போய் ஐந்து நாள் ஒன்றாகத் தங்கவைத்து, பேசவைத்து, அழவைத்து அனுப்புவார்களாம். அண்ணி பெயர் பட்டியலில் இருந்தது. அண்ணி வர மாட்டேன் என்றுவிட்டாள்.

"நான் வந்து என்னத்தச் சொல்றது? யாரு மேல குத்தம் சொல்றது? நான்தானே அவரத் துரத்துனேன்" என்றாள். சொல்லிவிட்டுக் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். அன்று காலையில் அண்ணனுக்கும் அண்ணிக்கும் வாய்த் தகராறு. எதற்கென்று அண்ணிக்கே இப்போது நினைவில்லை. "கொஞ்ச நேரம் என் கண்ணு முன்னாடி நிக்காம எங்கயாவது போங்க" என்று சொல்லியிருக்கிறாள். அண்ணன் போனான். அன்றைக்குப் பார்த்துக் கலவரம் வெடித்தது. மத்தியானம் பாலத்துக்கு அந்தப் பக்கம், ஐஸ் ஃபேக்டரி சந்தில் பிணமாகக் கிடந்தான். அவன் எதற்காகப் பாலம் தாண்டினான் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அம்மாதான் முடிவு கட்டினாள். "இவதான் வாயால விரட்டி அனுப்புனா." எட்டு வருஷமாக அந்த வீட்டில் காபி கேட்பது போல அந்தப் பேச்சு வந்துபோய்க்கொண்டிருந்தது. அண்ணி ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை.

மறுத்துப் பேசியிருக்க வேண்டியவள் டோக்கன். அண்ணன் கோபித்துக்கொண்டு பாலம் தாண்டவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த தங்கை வீட்டுக்கு வந்தான். இவள் அடுப்படியில் குக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, வேறு கம்பெனி குக்கரின் கேஸ்கெட்டை இதில் போட்டு அமுக்கியிருந்தாள். மூடி குறுக்கே சிக்கிக்கொண்டது. உள்ளே வெந்த உருளைக்கிழங்கு மூன்று. கரண்டிக் காம்பால் நெம்பியும் அசையவில்லை. கைப்பிடி எப்போதோ விண்டுபோய், அதில் பச்சை வயரைச் சுற்றியிருந்தாள். குக்கர் ரிப்பேர் கடை பாலத்துக்கு அந்தப் பக்கம், மணிக்கூண்டுப் பக்கத்தில். "அண்ணே, சும்மாதானே இருக்க, இதக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடேன்" என்றாள். அவனும் சிரித்துக்கொண்டே ஏதேதோ பேசிவிட்டு, குக்கரை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

அவ்வளவுதான் நடந்தது. முதல் நாள் பயத்தில் சொல்லவில்லை. மறுநாள் அம்மா அண்ணியைச் சாடியபோது, சொல்ல வாயெடுத்தவள் விழுங்கிக்கொண்டாள். அப்புறம் ஒரு வாரம், ஒரு மாதம், ஒரு வருஷம். சொல்லாமல் இருந்ததோடு விட்டாளா என்றால், அதுவும் இல்லை. சொந்தக்காரர்கள் கூடியிருந்த ஒரு நாள், "வீட்டுல நிம்மதி இருந்தா எங்கண்ணன் ஏன் வெளிய போறான்" என்று அண்ணி காதுபடவே சொன்னாள். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அந்த முதுகு இன்னமும் டோக்கனின் கண்ணில் நிற்கிறது. நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும்.

சரி, முகாமுக்கு வருவோம். அண்ணி வரவில்லை என்றால் பத்துக்கு ஒன்று குறையும், குறைந்தால் மேலிடத்தில் கேட்பார்கள் என்று முகாம் மேடம் கையைப் பிசைந்தாள். "தங்கச்சின்னு போட்டு என்னச் சேத்துக்கங்களேன்" என்று டோக்கன் கேட்டுப் பார்த்தாள். மனைவி, தாய், மகள் மூன்றுக்கும்தான் அட்டை அச்சடித்திருக்கிறது, தங்கைக்கு இல்லை என்று பதில் வந்தது. பெயரைச் சொன்னால் எந்தப் பக்கத்து ஆள் என்று தெரிந்துபோகும் என்பதால் முகாமில் யாருக்கும் பெயர் கிடையாது. கழுத்தில் ஓர் அட்டை, அதில் செத்தவருக்கு என்ன உறவோ அது. "அண்ணி அட்டையப் போட்டுக்கறேன் மேடம், உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதாதா?" என்றாள் டோக்கன். மேடத்துக்கு ஆள் கணக்கு, இவளுக்கு அடுப்படியிலிருந்து ஐந்து நாள் விடுதலை. காதும் காதும் வைத்த மாதிரி காரியம் முடிந்தது.

ஊரைத் தாண்டி ஒரு பயிற்சிக் கல்லூரி விடுதி. அறைக்கு இரண்டு இரும்புக் கட்டில், இந்தப் பக்கத்தாள் ஒருத்தி, அந்தப் பக்கத்தாள் ஒருத்தி. டோக்கனோடு தங்கியவள் ஒரு பேக்கரியில் ரொட்டி வெட்டி உறை போடுகிறவள். ஐம்பதைத் தாண்டிய, வாட்டசாட்டமான, அதிகம் பேசாத மனுஷி. அட்டையில் "மகள்" என்று இருந்தது. கலவரத்தில் அவளுடைய அப்பா போய்விட்டார். விடியும்போதே எழுந்து, போர்வையை ரொட்டி உறை மாதிரி மடிப்புக் கலையாமல் மடித்துவைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். அவள் கட்டிலுக்குக் கீழே கனமான ஒரு பை. டோக்கன் பெருக்கும்போது விளக்குமாறு பட்டு ணங்கென்றது.

"என்னக்கா, ஊரையே மூட்ட கட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள் டோக்கன்.

"அந்த நாள் சம்பந்தமா ஒரு பொருள் கொண்டாரச் சொன்னாங்கல்ல. அதாம்மா" என்றாள் ரொட்டிக்காரம்மா. பையைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டாள்.

டோக்கன் கொண்டுபோயிருந்தது அண்ணனின் மூக்குக் கண்ணாடிக் கூடு. அம்மாவின் அலமாரியிலிருந்து கேட்காமல் எடுத்தது.

இரண்டாம் நாள் எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மூச்சை இழுங்கள், விடுங்கள் என்றார்கள், இழுத்தார்கள், விட்டார்கள். டோக்கனின் முறை வந்தது. அவள் எழுந்து, அண்ணி சொல்லவேண்டியதைத் தான் சொன்னாள். என் வீட்டுக்காரர், கட்டம் போட்ட சட்டை, ஐஸ் ஃபேக்டரி சந்து. "காலையில சண்ட போட்டேன். எங்கயாவது போங்கன்னேன். போய்ட்டாரு" என்றபோது அவளுக்கே அழுகை வந்துவிட்டது. அழுகை பொய்யில்லை. அண்ணன் பொய்யில்லையே. ஆனால் சுற்றியிருந்த பெண்கள் தன்னோடு சேர்ந்து அழுதபோது, சாமர்த்தியமாக ஒரு காரியத்தை முடித்த மாதிரி உள்ளே ஓர் ஓரத்தில் அவளுக்கு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பு கூசும்.

அழாதவள் ரொட்டிக்காரம்மா ஒருத்திதான். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தபோது ரொட்டிக்காரம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். பையை முன்னால் இழுத்து வைத்திருந்தாள்.

"உக்காருங்கம்மா" என்றாள். அதுவரை நீ, வா என்றவள் இப்போது நீங்க என்று ஆரம்பித்தாள். "ஐஸ் ஃபேக்டரி சந்துல மூணாவது வீடு எங்க வீடு. அன்னைக்கு உங்க வீட்டுக்காரரு என் கதவத்தான் தட்டுனாரு."

டோக்கன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஜன்னல் இடுக்குல பாத்தேன். 'அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் உள்ள விடுங்க, சத்தம் அடங்குனதும் போயிடறேன்'ன்னாரு. கையில துண்டு சுத்தி உருண்டையா ஒண்ணு வெச்சிருந்தாரு, கைப்பிடி வெளிய நீட்டிட்டு இருந்துச்சு. குக்கர்ல குண்டு வெச்சுத் தூக்கிட்டு வராங்கன்னு அந்த வாரம் முழுக்கப் பேச்சு. எனக்குப் பின்னாடி ரெண்டு பிள்ளைங்க. 'அத எடுத்துட்டுப் போய்யா'ன்னேன். 'ஐயோ அக்கா, இது வெறும் குக்கரு, பாருங்க'ன்னு துண்ட அவுத்தாரு. மூடியத் தொறந்து காட்டப் பாத்தாரு."

ரொட்டிக்காரம்மா தன் இரண்டு கையாலும் காற்றில் ஒரு மூடியைத் திருகிக் காட்டினாள். மாவு பிசைந்து பழகிய கை. அது ஒரு பக்கம் திரும்பியது, மறு பக்கம் திரும்பியது.

"தொறக்க வரல. திருகுறாரு, இழுக்குறாரு, நெஞ்சுல வெச்சு அமுக்குறாரு. வரல. ஆட்டிக் காட்டுனாரு. உள்ள என்னமோ உருண்டு முட்டுச்சு. நான் இன்னும் பயந்துட்டேன். அதுக்குள்ள தெருமுனைக்குக் கூட்டம் வந்துருச்சு. குக்கர வாசப்படியில வெச்சுட்டு ஓடுனாரு. நாலு வீடு தாண்டல."

அவள் பையைத் திறந்தாள். உள்ளே குக்கர். மூடி குறுக்கே சிக்கிய அதே குக்கர். கைப்பிடியில் பச்சை வயர். தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

"எட்டு வருஷமா வெளக்கி வெச்சிருக்கேன். தொறக்க மனசு வரல. உள்ள என்னங்க இருக்கு? உங்களுக்குத் தெரியுமா?"

டோக்கனுக்கு அறை முழுக்க அந்தப் பச்சை வயர்தான் தெரிந்தது. கேஸ்கெட்டை அமுக்கிய தன் கட்டைவிரல்தான் தெரிந்தது. அண்ணன் நெஞ்சில் வைத்து அமுக்கிய மூடியை இறுக்கியவள் அவள். ஒரே ஒரு நல்ல கேஸ்கெட்டுக்குக் கடைக்குப் போகாதவள் அவள்.

"தெரியாது" என்றாள்.

ரொட்டிக்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நான் தொறந்திருந்தா அவரு இருந்திருப்பாரு. என்ன மன்னிக்க முடியுமாம்மா? முடியலன்னாலும் சொல்லிடுங்க."

வாய் தன் பாட்டுக்குத் திறந்தது. கிளினிக்கில் எப்படித் திறக்குமோ அப்படி. "மன்னிச்சுட்டேன்க்கா. விடுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள் டோக்கன். டாக்டர் வந்துக்கிட்டே இருக்காரு என்கிற அதே குரல். அந்தப் பெரிய மனுஷி இவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். முழங்காலை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், அவள் தலையில் கை வைக்கவும் முடியாமல் டோக்கன் மரமாக உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகுதான் வேதனை. மறுநாள் ரொட்டிக்காரம்மா ஆளே மாறிவிட்டாள். இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். யாரோ சொன்ன அசட்டுத் துணுக்குக்கு வாய்விட்டுச் சிரித்தாள். டோக்கன் குளிக்கப் போனால் வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தாள். "இவங்க மனசு யாருக்கும் வராது" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அவர்களும் வந்து டோக்கனின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்கள். மேடம் தனியாகக் கூப்பிட்டு, கடைசி நாள் நீங்கள் இரண்டு பேரும் ஜோடியாக மேடையில் நின்று பேச வேண்டும், பெரிய ஆட்கள் எல்லாம் வருகிறார்கள் என்றாள். பெயர் மாற்றிக் கூட்டிவந்தது அந்த அம்மாளுக்கு மறந்தே போயிருந்தது.

டோக்கனுக்குச் சோறு இறங்கவில்லை. கழுத்தில் அட்டை அரித்தது. மனைவி, மனைவி, மனைவி. மனைவி என்ன, தங்கை என்று சொல்லிக்கொள்ளவே தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. செத்தவன் அண்ணன், மன்னிக்க வேண்டியவள் அண்ணி, மன்னிப்புக் கேட்க வேண்டிய தானோ மகராசி மாதிரி மன்னித்துவிட்டு வாளித் தண்ணீரில் குளித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தன் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்க்கக் கூச்சமாக இருந்தது. தலையை ஒப்புக்கு வாரிக்கொண்டு வந்தாள்.

நான்காம் நாள் காலை அவர்கள் இருவருக்கும் சமையலறை முறை. இருபது பேருக்கு உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும். பெரிய அண்டாவில் வெந்ததை வடித்துக் கொட்டியிருந்தார்கள். சுடச்சுட உரித்துக்கொண்டே ரொட்டிக்காரம்மா பேசிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், உங்கள் மாமியாரையும் பார்த்துக் காலில் விழவேண்டும், வந்தால் வாசலில் நிறுத்திவிட மாட்டார்களே என்றாள்.

டோக்கன் கையிலிருந்த கிழங்கைப் பார்த்தாள்.

"உருளக்கிழங்கு" என்றாள்.

"என்னம்மா?"

"குக்கருக்குள்ள இருக்கறது. மூணு உருளக்கிழங்கு."

ரொட்டிக்காரம்மா உரிப்பதை நிறுத்தினாள்.

"அந்த குக்கர் என்னுது. நான் அவரு பொண்டாட்டி இல்லக்கா. தங்கச்சி. கேஸ்கெட்ட மாத்திப் போட்டு மூடியச் சிக்க வெச்சது நான். ரிப்பேருக்குக் கொண்டுபோன்னு பாலம் தாண்டி அனுப்புனது நான். வீட்டுல யாருக்கும் தெரியாது. அண்ணி விரட்டித்தான் போனாருன்னு எட்டு வருஷமா எல்லாரும் சொல்றாங்க. நானும் சொல்லியிருக்கேன்." மூச்சு வாங்கியது. "நீங்க மன்னிப்புக் கேட்டப்ப, இந்தப் பேச்சு சீக்கிரம் முடிஞ்சா போதும்னு வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

அண்டாவிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ரொட்டிக்காரம்மா கையை முந்தானையில் துடைத்தாள். திட்டுவாள், அறைவாள் என்று டோக்கன் காத்திருந்தாள். அறைந்தால் தேவலை என்றிருந்தது.

"அப்ப நான் யாருகிட்டக் கேட்டேன்?" என்றாள் ரொட்டிக்காரம்மா. குரலில் கோபமே இல்லை. "நேத்து எட்டு வருஷம் கழிச்சு நல்லாத் தூங்குனேம்மா."

டோக்கன் கூனிக் குறுகிப் போனாள். அந்தத் தூக்கத்தை அவள் திருடிவிட்டாள். கொடுத்தவளும் அவள், பிடுங்கியவளும் அவள்.

மீதி உருளைக்கிழங்கை இருவரும் உரித்து முடித்தார்கள். இருபது பேர் சாப்பிட வேண்டுமே. முடித்ததும் ரொட்டிக்காரம்மா போய்ப் பையை எடுத்துவந்து டோக்கனின் காலடியில் வைத்தாள்.

"இத உங்கண்ணிகிட்டக் குடு. கதவத் தொறக்காதவ ஒருத்தி இருக்கான்னு சொல்லு. அவங்க என்ன சொல்றாங்களோ அத அப்படியே வந்து என்கிட்டச் சொல்லணும். நல்லதா இருந்தாலும் சரி, காறித் துப்புனாலும் சரி. உன் கைச்சரக்கு ஒரு வார்த்த சேக்கக் கூடாது."

டோக்கன் அட்டையைக் கழற்றி மேடத்திடம் கொடுத்தாள். மேடம் மேடை, ஆட்கள், கணக்கு என்று என்னென்னவோ சொன்னாள். எதுவும் காதில் ஏறவில்லை. மத்தியானப் பேருந்தில் மடியில் குக்கரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே கடகடத்தது. கிழங்கு காய்ந்து கல்லாகியிருக்கும். பக்கத்து இருக்கைக்காரர், "என்னம்மா அது, தேங்காயா?" என்று கேட்டார். பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "குக்கருங்க. மூடி சிக்கிருச்சு" என்றாள்.

அண்ணி, வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா உள்ளே கண்ணயர்ந்திருந்தாள்.

"என்ன, நாலாம் நாளே வந்துட்ட?" என்றாள் அண்ணி.

டோக்கன் குக்கரை வெளியே எடுத்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அண்ணி பச்சை வயரைப் பார்த்தாள். டோக்கன் வீட்டு அடுப்படியில் எத்தனையோ நாள் நின்று பேசியவள்தானே.

"இது உன் குக்கராச்சே" என்றாள். "தொலைஞ்சு போச்சுன்ன?"

வழியெல்லாம் கோத்துவைத்திருந்த வார்த்தைகள் அந்த இடத்தில் ஒன்றுமே உதவவில்லை. டோக்கன் நின்றபடியே சொன்னாள். கேஸ்கெட்டிலிருந்து தொடங்கிச் சொன்னாள். மூன்றாவது வீட்டுக் கதவைச் சொன்னாள். அவன் மூடியைத் திருகியதைச் சொன்னாள். முகாமில் அண்ணியாக உட்கார்ந்து அண்ணி பெயரில் மன்னித்ததையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அண்ணியின் கையிலிருந்த முறம் மெல்லச் சாய்ந்து அரிசி தரையில் வழிந்தது. இருவரும் அதைத் தடுக்கவில்லை.

"அப்ப," என்றாள் அண்ணி. "உன் வீட்டுக்கு வந்தப்ப கோவமா இருந்தாரா?"

குக்கரைப் பற்றிக் கேட்கவில்லை. கேஸ்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை. டோக்கன் எதிர்பார்த்த எதையுமே கேட்கவில்லை.

"இல்ல அண்ணி. சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. குக்கர ஆட்டிப் பாத்துட்டு, 'உருளக்கிழங்கு உள்ள கம்பி எண்ணுது'ன்னாரு. அப்புறம்..." டோக்கனுக்கு அப்போதுதான் புரிந்தது, இத்தனை வருஷமும் தான் ஒளித்துவைத்தது குக்கரை மட்டுமில்லை என்று. "அப்புறம், 'உங்கண்ணிக்கு இன்னைக்கு நான் மூஞ்சியக் காட்டக் கூடாதாம். அவ கோவம் மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்காது, பாரு. சாப்பாட்டுக்கு அவளே ஆள் அனுப்புவா'ன்னாரு."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடு அசைந்தது. அன்றைக்கு அவள் ஆள் அனுப்பத்தான் செய்தாள். மத்தியானம் எதிர்வீட்டுக்காரரை அனுப்பினாள், சாப்பிட வரச் சொல்லி. அவர்தான் சேதியோடு திரும்பி வந்தார்.

டோக்கன் அரிசிக்கு நடுவில் மண்டியிட்டு அண்ணியின் பாதத்தைத் தொடப் போனாள். அண்ணி காலை உள்ளிழுத்துக்கொண்டாள்.

"அவரு சொன்னத மறுபடி சொல்லு" என்றாள். "அவரு சொன்ன மாதிரியே சொல்லு."

டோக்கன் சொன்னாள். அழுகையில் வார்த்தை உடைந்தது. அண்ணி விடவில்லை. அழாமல் சொல், அவர் அழுதுகொண்டா சொன்னார் என்றாள். மூன்றாவது தடவை டோக்கன் அழாமல் சொன்னாள். சொல்லும்போது அண்ணன் சிரித்த மாதிரி ஒரு சிரிப்பும் கூட வந்தது. அதைக் கேட்டதும் அண்ணி முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"அந்த மூணாவது வீட்டுக்காரங்களுக்கு என்ன அண்ணி சொல்லட்டும்?" என்று வெகு நேரம் கழித்துக் கேட்டாள் டோக்கன்.

"அவங்க பயந்துபோய்க் கதவச் சாத்துனாங்க. வரச் சொல்லு, நானே பேசிக்கறேன்" என்றாள் அண்ணி. முறத்தை நேராக வைத்துச் சிந்திய அரிசியைக் கையால் கூட்டத் தொடங்கினாள். டோக்கனும் கூட்டக் கையை நீட்டினாள். அண்ணி அந்தக் கையை ஒதுக்கிவிட்டாள்.

"நீ உள்ள போ. அத்தைய எழுப்பு. அவங்ககிட்டயும் சொல்லு. அப்புறம் நாளைக்கு வா, எனக்கு மறுபடி சொல்லணும். நாளன்னைக்கும் வா." அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை. "எட்டு வருஷத்துப் பேச்சு பாக்கி இருக்கு."

டோக்கன் செருப்பைக் கழற்றினாள். உள்ளே அம்மா புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. குக்கரைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் படியேறினாள்.